பூ விழுந்த கண்

கருவிழியில் வெள்ளையாகத் தழும்பு படிந்து பார்வை மங்கிப்போனால் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்பது நம் ஊர் வழக்கு. களத்தில் கதிரடிக்கும்போது நெல் சுனை தெறித்தது, கரும்புத் தோட்டத்தில் சோகை கிழித்தது, மாட்டின் வால் வீசி அடித்தது என்று கதை தொடங்கும். சில வாரங்களில் பூவில் முடியும். இடையில் நடந்தது கண்ணுக்குத் தெரியாது. சுனையோடு சேர்ந்து ஒரு பூஞ்சை வித்தும் கருவிழிக்குள் போயிருக்கிறது. அது முளைத்தது, இழை விட்டது. உடம்பு அதைக் கண்டுகொண்டது, செல்களை அனுப்பியது. பூஞ்சை செத்துப் பல மாதம் ஆன பிறகும் பூ மட்டும் அங்கேயே இருக்கிறது. அந்தப் பூவை வைத்தது பூஞ்சையா, அதைத் துரத்த வந்த நம் செல்களா?

விடையின் பெரும்பகுதி கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில்தான் கிடைத்தது. அதில் கணிசமான பங்கு மதுரையில் எடுத்த மாதிரிகளிலிருந்து கிடைத்தது. இதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: உடம்பு பூஞ்சையைக் கடைசிவரை கண்டுகொள்ளாமல் விட்டதால் போகும் கண்கள் குறைவு. காலம் தாழ்த்திக் கண்டுகொள்வதாலும், கண்டபின் அளவு மீறிப் பாய்வதாலும் போகும் கண்கள்தான் அதிகம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1879-இல் ஜெர்மன் கண் மருத்துவர் தியோடர் லேபர் ஒரு விவசாயியின் கண்ணைப் பற்றி எழுதினார். ஓட்ஸ் கதிரடிக்கும்போது பதர் தெறித்துப் புண்ணான கருவிழி அது. அதற்குள் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் இழைகளை லேபர் கண்டார். கருவிழிப் பூஞ்சை நோய் மருத்துவ ஏட்டில் ஏறியது அன்றுதான். தானியம் வேறு, நாடு வேறு. மற்றபடி மதுரைக் கதையேதான். லேபர் அத்தோடு விடவில்லை. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. அப்படியிருக்க, நடுவில் இருக்கும் பூஞ்சையை நோக்கி வெள்ளணுக்கள் ஓரத்திலிருந்து எப்படி வழி தெரிந்து வருகின்றன என்று யோசித்தார். பூஞ்சையிலிருந்து கரைந்து பரவும் ஏதோ ஒரு பொருள் அவற்றை ஈர்க்க வேண்டும் என்று 1888-இல் எழுதினார். வெள்ளணுக்கள் வேதிப்பொருளின் வாசம் பிடித்து நகர்கின்றன என்ற கருத்துக்கு அது முன்னோடி.

அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1884-இல், ருஷ்ய விஞ்ஞானி எலி மெச்னிகோவ் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உடல் கண்ணாடி போன்றது. ஊசி வடிவப் பூஞ்சை வித்துகள் குடலைத் துளைத்து உள்ளே வர, நகரும் செல்கள் சூழ்ந்து அவற்றை விழுங்குவதை உயிரோடு கண்டார். விழுங்கும் செல் என்ற கொள்கைக்கு வலுவான சான்று அதில் கிடைத்தது. 1908-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஒளி ஊடுருவும் இரண்டு பொருள்கள், நீர்த்தெள்ளின் உடலும் கருவிழியும், இரண்டிலும் பூஞ்சை. நோயெதிர்ப்பியல் பிறந்தபோது தொட்டிலுக்கு அருகில் பூஞ்சையும் இருந்திருக்கிறது. பிறகு நூறு ஆண்டுகள் எல்லோரும் பாக்டீரியாவையும் வைரஸையும் துரத்திப் போய்விட்டார்கள்.

கருவிழி என்று நாம் சொல்வதே ஒரு வேடிக்கைதான். அந்தப் படலத்துக்கு நிறமே இல்லை. உள்ளே இருக்கும் கருமை தெரிவதால் அதற்கும் அந்தப் பெயர். நடுவில் அரை மில்லிமீட்டர் அளவே தடிமன். கொலாஜன் இழைகள் பாய் பின்னியதுபோல் சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால்தான் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. இடைவெளி கலைந்தால் அந்த இடம் வெளுத்துவிடும். கொலாஜன் கலைந்து, தாறுமாறாகத் திரும்ப நெய்யப்பட்ட இடம்தான் பூ.

இந்தச் சீரைக் காப்பதற்காக உடம்பு கருவிழியை வேண்டுமென்றே அமைதி மண்டலமாக வைத்திருக்கிறது. ரத்தக் குழாய் இல்லை, நிணநீர்க் குழாயும் இல்லை. அடியில் உள்ள திரவத்தில் வீக்கத்தை அடக்கும் பொருள்கள் இருக்கின்றன. அந்நியத் திசுவை வைத்தாலும் உடம்பின் மற்ற இடங்களைப்போல் உடனே நிராகரித்துவிடாது. பீட்டர் மெடவார் 1948-இல் இதைச் சலுகை பெற்ற இடம் என்று வர்ணித்தார். கருவிழி மாற்று அறுவை 1905-லேயே எட்வர்ட் சிர்ம் கையில் வெற்றி பெற்றதற்கும், மற்ற உறுப்புகளுக்குப் பல பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்ததற்கும் இந்தச் சலுகை ஒரு காரணம். ஆனால் சலுகை விலையில்லாமல் வராது. காவலர் குறைவான தெருவில் திருடனைப் பிடிக்க ஆள் வர நேரமாகும்.

முற்றிலும் காவலே இல்லை என்றும் சொல்ல முடியாது. கண்ணீரில் லைசோசைம் உண்டு. இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு நுண்ணுயிரைப் பட்டினி போடும் லாக்டோஃபெரின் உண்டு, நுண்ணுயிர்களைக் கட்டிப்போடும் எதிர்ப்புரதங்கள் உண்டு. இமை துடைக்கிறது. மேல்தோல் செல்கள் நெருக்கிக் கட்டிய ஓடுபோல் இருக்கின்றன. முழுசான மேல்தோலைப் பூஞ்சை வித்து துளைத்துக்கொண்டு போவது அரிது. சுனையும் முள்ளும் அந்த வேலையை அதற்காகச் செய்து கொடுக்கின்றன. ஓட்டைக் கிழித்து, வித்தையும் உள்ளே வைத்துவிட்டுப் போகின்றன.

இது தென்னிந்தியாவில் எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு ஒரு பழைய கணக்கே போதும். 1994 சனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் பாக்டீரியா மட்டும் இருந்தவர்கள் 140, பூஞ்சை மட்டும் இருந்தவர்கள் 139. கிட்டத்தட்ட சரிபாதி. குளிர்நாட்டுப் பாடப்புத்தகம் படித்த மருத்துவருக்கு இது அதிர்ச்சி, ஏனென்றால் அங்கே பூஞ்சைப் புண் அபூர்வம். அப்படி வந்தாலும் பெரும்பாலும் ஈஸ்ட் வகையான கேண்டிடா. இங்கே இழை விடும் ஃபுசேரியமும் ஆஸ்பர்ஜில்லஸும். ஃபுசேரியம் பயிர்களுக்கும் நோய் தருவது. வாழை வாடல் நோயைப் பார்த்த விவசாயிக்கு அதன் உறவுக்காரனைத் தெரியும். உலகம் முழுவதும் ஆண்டுக்குப் 10 லட்சம் பேருக்கு மேல் பூஞ்சைக் கருவிழிப் புண் வருகிறது என்பது 2021-இல் வெளியான மதிப்பீடு. பெரும்பகுதி ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும். மதுரைக்கும் பூஞ்சைக்கும் ஏதோ பழைய உறவு இருக்கிறது. பூஞ்சையால் பாதம் வீங்கிப் புரையோடும் ‘மதுரைக் கால்’ நோயை ஜான் கில் 1842-இல் விவரித்ததும் இந்த ஊரில்தான்.

இனி மையக் கேள்விக்கு வரலாம். கருவிழிக்குள் விழுந்த வித்து தன்னுடையது அல்ல என்று உடம்புக்கு எப்படித் தெரிகிறது?

1989-இல் சார்லஸ் ஜேன்வே ஒரு யோசனையை முன்வைத்தார். ஒவ்வொரு கிருமியின் முகத்தையும் உடம்பு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கிருமிகளிடம் மட்டும் இருந்து நம்மிடம் இல்லாத சில அடிப்படைக் கட்டுமானங்கள் உண்டு. அவற்றைப் பிடிக்கும் ஏற்பிகள் பிறவியிலேயே நம் செல்களில் இருக்கும் என்றார். ஆள் யார் என்று கேட்காமல் சீருடையைப் பார்த்துப் பிடிப்பதுபோல. இதற்கு முதல் பெரிய சான்று கிடைத்ததும் பூஞ்சை வழியாகத்தான். 1996-இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவில் புரூனோ லெமேத்ரும் மற்றவர்களும் டோல் என்ற மரபணு பழுதான பழ ஈக்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் பூஞ்சையை ஏற்றினார்கள். ஈக்கள் செத்தன. உடலெங்கும் இழை முளைத்த ஈயின் படம் இன்றும் பாடங்களில் வருகிறது. டோல் போன்ற ஏற்பிகள் பாலூட்டிகளிடமும் இருப்பது விரைவிலேயே தெரிந்தது. 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழு, அவற்றில் ஒன்றான டிஎல்ஆர்4 ஏற்பி பாக்டீரியாவின் மேலுறைக் கொழுப்புச் சர்க்கரையைப் பிடிக்கிறது என்று காட்டியது. இருவருக்கும் 2011-இல் நோபல்.

பூஞ்சைக்கென்றே ஒரு ஏற்பி தெரிந்தது 2001-இல். ஆக்ஸ்ஃபோர்டில் கோர்டன் பிரவுனும் சையமன் கோர்டனும் டெக்டின்-1 என்ற புரதம் பீட்டா குளுக்கனைப் பிடிக்கிறது என்று கண்டார்கள். பூஞ்சையின் செல் சுவருக்கு எலும்புக்கூடாக இருப்பது இந்தச் சர்க்கரைச் சங்கிலி. நம் செல்லுக்குச் சுவரே கிடையாது. ஆகவே பீட்டா குளுக்கன் தட்டுப்பட்டால் வந்திருப்பது அந்நியன் என்பதில் ஐயமில்லை. டெக்டின்-1 அதைப் பிடித்ததும் சிக், கார்டு9 என்ற இரண்டு புரதங்கள் வழியாகச் செல்லின் உள்ளே செய்தி போகிறது. மற்ற செல்களுக்குச் செய்தி சொல்லும் சைட்டோகைன்கள் சுரக்கின்றன. இந்தப் பாதை எவ்வளவு முக்கியம் என்பதை 2009-இல் இரண்டு குடும்பங்கள் காட்டின. கார்டு9 பழுதான ஈரானியக் குடும்பத்தில் பூஞ்சை உயிரையே வாங்கியது. டெக்டின்-1 பழுதான நெதர்லாந்துக் குடும்பத்துக்கு வந்தது நகத்திலும் சளிச்சவ்விலும் திரும்பத் திரும்பத் தொல்லை, அவ்வளவே. டெக்டின்-1 போனாலும் டெக்டின்-2 போன்ற வேறு ஏற்பிகள் அதே கார்டு9 வழியில் செய்தி அனுப்பும். வாசல்கள் பல, கூடம் ஒன்று.

இதுவரை கேட்டால் எல்லாம் நேராகத் தெரியும். பூஞ்சையின் பக்கம் போய்ப் பார்த்தால்தான் சிக்கல். பீட்டா குளுக்கன் சுவருக்கு உள்ளே இருக்கிறது. காற்றில் மிதந்து வரும் உறங்கும் வித்து வெறும் சுவரோடு வருவதில்லை. அதன்மேல் ரோட்-ஏ என்ற தண்ணீர் ஒட்டாத புரதம் கயிற்றுப் பாய்போல் பின்னி மூடியிருக்கிறது. அதன் அடியில் மெலனின் நிறமி. ஆஸ்பர்ஜில்லஸுக்கு அந்தப் புகைப்பச்சை நிறம் தருவது அதுதான். இந்தப் பாய் மேலே இருக்கும்வரை நம் செல்களின் ஏற்பிகளுக்குப் பிடிக்க எதுவுமில்லை என்று 2009-இல் நேச்சர் இதழில் ஒரு குழு காட்டியது. நாம் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகளை மூச்சில் இழுக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் உடம்பு பொங்கி எழுந்தால் நுரையீரல் எப்போதோ புண்ணாகியிருக்கும். ஆகவே இந்த மறைப்பு பூஞ்சைக்கு மட்டும் லாபம் என்று சொல்லிவிட முடியாது. நமக்கும் வசதியான ஒரு பரஸ்பர மௌனம் அது.

வித்து ஈரத்தில் ஊறி உப்பும்போது பாய் கிழிகிறது. அடியிலிருந்த பீட்டா குளுக்கன் வெளியே வருகிறது. எலிக் கருவிழியில் இதைச் சோதித்து 2013-இல் எழுதினார்கள்: ரோட்-ஏ இல்லாத வித்தை ஏற்றினால் உடம்பு சீக்கிரம் கண்டுகொண்டு சீக்கிரம் கொன்றுவிடுகிறது; ரோட்-ஏ உள்ள வித்துக்குப் பிழைக்க அவகாசம் கிடைக்கிறது. இந்த அவகாசம்தான் நோயின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு. மூன்று மைக்ரான் வித்தை ஒரு செல் அப்படியே விழுங்கிவிடலாம். முளைத்து இழை விட்டபிறகு நீளம் செல்லைவிடப் பல மடங்கு. விழுங்க முடியாததை வெளியே நின்று, நச்சை வாரி இறைத்துத்தான் கொல்ல வேண்டும். இறைத்த நச்சு கொலாஜன் மீதும் விழும்.

இழைக்கும் சில தந்திரங்கள் உண்டு. காலாக்டோஸமினோகாலாக்டன் என்று வாய் வலிக்கும் பெயர் கொண்ட ஒட்டும் சர்க்கரையை ஆஸ்பர்ஜில்லஸ் இழை மேலே பூசிக்கொண்டு பீட்டா குளுக்கனை மீண்டும் மூடுகிறது. மெலனினைப் பிடிக்க நம்மிடமும் ஒரு ஏற்பி இருக்கிறது என்று 2018-இல் தெரிந்தது. அதன் பெயர் மெல்லெக். எலியில் அது ரத்தக் குழாய்ச் சுவரின் செல்களில்தான் இருக்கிறது. மனிதரில் நோயெதிர்ப்புச் செல்களிலும் இருக்கிறது. எலிக் கண்ணில் கண்டதை மனிதக் கண்ணுக்கு அப்படியே பெயர்த்து எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கருவிழிக்குள் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது 2010-இல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இருந்த எரிக் பேர்ல்மன் குழு செய்தது. சிவப்பாக ஒளிரும் ஆஸ்பர்ஜில்லஸை எலிக் கருவிழியில் ஏற்றிப் பார்த்தார்கள். கருவிழியில் நிரந்தரமாகக் குடியிருக்கும், மேக்ரோஃபேஜ் என்ற சில விழுங்கும் செல்கள் டெக்டின்-1 வழியாக முளைக்கும் வித்தைக் கண்டுகொள்கின்றன. இன்டர்லூகின்-1 பீட்டா என்ற சைட்டோகைனும் வேறு சில ஈர்ப்புப் பொருள்களும் சுரக்கின்றன. வெள்ளைவிழியும் கருவிழியும் சேரும் விளிம்பிலுள்ள குழாய்களிலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் புறப்பட்டு வருகின்றன. லேபர் 1888-இல் ஊகித்த ஈர்ப்புப் பொருளின் வழித்தோன்றல்களுக்கு இப்போது பெயர் கிடைத்திருந்தது. டெக்டின்-1 இல்லாத எலியில் ஆள் வருவது குறைந்தது. டிஎல்ஆர்4 இல்லாத எலியில் வேறு விதமாக நடந்தது: ஆள் வந்தார்கள், ஆனால் கொல்ல முடியவில்லை. கூப்பிடுவதற்கு ஓர் ஏற்பி, கொல்வதற்கு இன்னொன்று. பாக்டீரியாவின் உறையைப் பிடிப்பதற்கென்று பெயர் வாங்கிய டிஎல்ஆர்4 இங்கே பூஞ்சையின் எந்தப் பொருளைப் பிடிக்கிறது என்ற விவாதம் ஓயவில்லை. ஃபுசேரியத்தில், இன்டர்லூகின்-1 ஏற்பியும் அதன் கீழுள்ள மைடி88 புரதமும் இல்லையென்றால் எலி பூஞ்சையிடம் தோற்றுவிடுகிறது என்று அதே குழு 2008-லேயே காட்டியிருந்தது.

எலியில் கண்டது மனிதரிலும் உண்டா என்பதற்கு விடை மதுரையிலிருந்து வந்தது. அரவிந்த் மருத்துவமனையின் லலிதா பிரஜ்னா, வெங்கடேஷ் பிரஜ்னா உள்ளிட்டோரும் பேர்ல்மனும் சேர்ந்து நோயாளிகளின் புண்ணிலிருந்து சுரண்டி எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். நோய் தொடங்கிய முதல் வாரத்தில் புண்ணில் இருந்த செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் நியூட்ரோஃபில். நாளான புண்களில் டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் வந்து சேர்ந்திருந்தன. டெக்டின்-1, டிஎல்ஆர்2, டிஎல்ஆர்4 எல்லாம் கூடுதலாக வெளிப்பட்டன. வியப்பு என்னவென்றால் ஃபுசேரியம் புண்ணும் ஆஸ்பர்ஜில்லஸ் புண்ணும் கிட்டத்தட்ட ஒரே எதிர்வினையைக் காட்டின. சீருடையைப் பார்க்கும் காவலருக்கு உள்ளே இருப்பது யார் என்பது பொருட்டில்லை.

நியூட்ரோஃபில் வந்து என்ன செய்கிறது? ஆக்சிஜனிலிருந்து வீரியமான நச்சுத் துகள்களை உருவாக்கி இழை மீது கொட்டுகிறது. இதற்கான நொதி பிறவியிலேயே பழுதானவர்கள் ஆஸ்பர்ஜில்லஸுக்கு எளிதில் பலியாகிறார்கள். அதிலிருந்தே அதன் முக்கியத்துவம் தெரியும். பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. நச்சை முறிக்கும் நொதிகளைத் தயாராக வைத்திருக்கிறது. அவற்றை முடக்கினால் எலிக் கண்ணில் பூஞ்சை விரைவில் சாகிறது. இன்னொரு உத்தி பட்டினி. நியூட்ரோஃபிலில் நிறைந்திருக்கும் கால்புரொடெக்டின் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் சுருட்டிக்கொள்கிறது, லாக்டோஃபெரின் இரும்பை. பூஞ்சை சிடரோஃபோர் என்ற தூண்டில் போட்டு இரும்பைத் திருடப் பார்க்கிறது. ஒரு சோற்றுப் பானைக்கு இரண்டு பேர் கை நீட்டுவதுபோல் அரை மில்லிமீட்டர் தடிமனுக்குள் இது நடக்கிறது.

இவ்வளவும் நடக்கும் இடம்தான் சங்கடம். தொடையில் ஒரு கட்டி வந்து சீழ் வைத்து ஆறினால் தழும்பு மிஞ்சும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதே சீழ் கருவிழியில் வைத்தால் நியூட்ரோஃபில் விடும் நொதிகள் கொலாஜனைக் கரைக்கின்றன. கரைத்த இடத்தில் கருவிழியின் சொந்தச் செல்கள் தழும்புச் செல்களாக மாறி அவசர அவசரமாக நெய்கின்றன. நெசவு கோணல். பூஞ்சையும் தன் நொதிகளால் திசுவைக் கரைக்கிறது என்பதை மறுக்கவில்லை. கருவிழியின் அடிப்படலமான டெசிமெட் சவ்வு பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் அணை. இழைப் பூஞ்சை அதையும் ஓட்டை போடாமலே ஊடுருவி உள்ளறைக்குப் போய்விடும். ஆனாலும் பூவின் பெரும்பங்கு நம் கைவேலை.

டி செல்களின் பங்கைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. மண்ணிலும் வைக்கோலிலும் வாழ்க்கை முழுவதும் வித்துகளோடு புழங்குகிறவர்களுக்கு முன்பே பழக்கம் இருக்காதா? பேர்ல்மன் குழுவும் மதுரைக் குழுவும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் தென்னிந்தியர்களின் ரத்தத்தில், நோய் இல்லாதவர்களிடமும்கூட, பூஞ்சைக்கு எதிரான டிஎச்17 வகை டி செல்களின் எதிர்வினை அமெரிக்கர்களைவிடக் கூடுதலாக இருந்ததாகச் சொன்னார்கள். அந்த டி செல்கள் சுரக்கும் இன்டர்லூகின்-17ஐ நியூட்ரோஃபில்களும் தயாரிக்கின்றன என்றும் சொன்னார்கள். இரண்டாவது கூற்று சர்ச்சைக்குரியது. மனித நியூட்ரோஃபிலில் அதைத் திரும்பத் திரும்பத் தேடியும் கிடைக்கவில்லை என்று இத்தாலியக் குழுவினர் 2018-இல் எழுதினார்கள். சோதனைக்கு எடுக்கும் செல்களில் வேறு செல் கொஞ்சம் கலந்தாலே முடிவு மாறும் என்பது அவர்கள் வாதம். முதல் கூற்றில் எனக்கு நம்பிக்கை அதிகம், இரண்டாவதை நிலுவையில் வைத்திருக்கிறேன். முன்பழக்கம் உண்மையானால் அது காப்பாற்றவும் செய்யும், புண்ணை மூர்க்கமாக்கவும் செய்யும்.

அடையாளம் காண்பது முற்றிலும் குலைந்துபோகும் சூழல்களும் உண்டு. முதலில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. கண் சிவந்திருக்கிறது என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டால் சிவப்பு குறையும், உறுத்தல் குறையும். டெக்டின்-1 அடித்த மணியைத் துணி வைத்துச் சுற்றியதுபோல. பூஞ்சை மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவது கான்டாக்ட் லென்ஸ். 2005-2006இல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா ஆகிய இடங்களில் கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்களிடையே ஃபுசேரியம் திடீரென்று பரவியது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதியானது. ஒரு குறிப்பிட்ட லென்ஸ் கழுவும் திரவத்தோடு அதற்குத் தொடர்பு தெரிந்து, 2006 மே மாதம் உலகச் சந்தையிலிருந்து அது திரும்பப் பெறப்பட்டது. விவசாயமே தெரியாத நகரத்து இளைஞர்களுக்கு வயல் பூஞ்சை. லென்ஸ் மேல்தோலை உரசி இளக்குகிறது, கண்ணீர் கழுவவிடாமல் வித்தை அழுத்தியும் வைக்கிறது. சுனை ஒரு நொடியில் செய்வதை லென்ஸ் மெதுவாகச் செய்கிறது.

மூன்றாவது நாம் எல்லோரும் பார்த்தது. 2021-இல் கோவிட் இரண்டாம் அலையோடு வந்த கருப்புப் பூஞ்சை. சூன் 28 அன்று ஒன்றிய அரசு சொன்ன கணக்கில் நாடு முழுவதும் 40,845 பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள், மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குச் சர்க்கரை நோய். இங்கே பூஞ்சை மூக்கு வழியாகக் கண்குழிக்குப் போகிறது. இதற்குக் காரணமான மியூகோர் வகைப் பூஞ்சைகளின் சுவரில் பீட்டா குளுக்கன் மிகக் குறைவு. டெக்டின்-1 பாதை அதிகம் உதவாது. பீட்டா குளுக்கனைத் தேடும் ரத்தப் பரிசோதனையிலும் பிடிபடாது. சர்க்கரை ஏறி ரத்தம் புளித்தால் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தின் பிடி தளர்கிறது. பூஞ்சைக்கு இரும்பு தாராளம். ரத்தக் குழாய்ச் செல்களின் மேல் பூஞ்சை பற்றிக்கொள்ளும் கொக்கியான ஜிஆர்பி78 புரதமும் அப்போது கூடுகிறது. நியூட்ரோஃபில் தளர்ந்து கிடக்கிறது. காவல், பூட்டு, பட்டினி மூன்றும் ஒரே நேரத்தில் கைவிட்டன.

மருந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது உண்மையிலேயே சுருக்கமானது. நட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்துதான் இன்றும் முதல் தேர்வு. பூஞ்சையின் செல் சவ்விலுள்ள எர்கோஸ்டிராலை அது பிடிக்கிறது. நம் சவ்வில் இருப்பது கொலஸ்டிரால். மருந்தும் ஒரு வகை அடையாளம் காணல்தான். விலை உயர்ந்த புதிய வோரிகோனசோலோடு அதை ஒப்பிட்டு அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2013-இல் வெளியானது. பழையதே வென்றது, ஃபுசேரியத்தில் வெகு தெளிவாக. உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

அடையாளம் காணும் பாதையையே மருந்தாகத் திருப்ப முடியுமா என்பதுதான் ஆய்வகங்களின் இப்போதைய ஆசை. டெக்டின்-1ஐத் தடுத்தால் வீக்கம் குறையும் என்று எலி ஆய்வுகள் பல வருகின்றன, சீனாவின் சிங்தாவோவிலிருந்து குறிப்பாக நிறைய. எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. எலிக்கு நாம் பூஞ்சை ஏற்றிய மணி நேரம் தெரியும். நோயாளி எந்த நாளில் சுனை பட்டது என்று தோராயமாகத்தான் சொல்வார். வருவதற்குள் கை வைத்தியம் முடிந்திருக்கும், தாய்ப்பாலோ இலைச்சாறோ விட்டிருப்பார்கள், இரண்டு கடையில் சொட்டு மருந்தும் வாங்கியிருப்பார்கள். பூஞ்சை உயிரோடு இருக்கும்போது அணைத்தால் கண் போகும். செத்தபின் அணைத்தால் பூ சிறியதாகலாம். செத்ததா இல்லையா என்பதை நம்பகமாகச் சொல்லும் எளிய சோதனை இல்லாதவரை இந்த வகை மருந்து எலியைத் தாண்டி வருவது கடினம். புதிய தடுப்பான்களைத் தேடுவதைவிட அந்தச் சோதனையைத் தேடுவது பயன் தரும் என்பது என் கட்சி.

இதற்கெல்லாம் மறுபக்கமாக ஒரு கிராமத்து ஆய்வு உண்டு. அது நோயெதிர்ப்பியல் கட்டுரைகளில் மேற்கோளாக வருவது அபூர்வம். அதற்கு முன்பு நேபாளத்தின் பக்தபூரில், கண்ணில் கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் குளோராம்ஃபெனிகால் களிம்பு போட்டுக்கொண்டவர்களுக்குப் புண் வரவில்லை என்று 2001-இல் காட்டியிருந்தார்கள். அங்கே பாக்டீரியா அதிகம், இங்கே பூஞ்சை பாதி; இங்கே பலிக்குமா என்று பார்க்க மதுரை மாவட்டக் கிராமங்களில் ஊர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சாயம் தோய்த்த தாளைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கில் கீறலைப் பார்ப்பது அவர்கள் வேலை. கீறல் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் குளோராம்ஃபெனிகாலோடு பூஞ்சைக் கொல்லிக் களிம்பு, இன்னொரு பிரிவுக்குக் குளோராம்ஃபெனிகாலோடு மருந்தில்லாத வெறும் களிம்பு. 2006-இல் வெளியான முடிவில் இரண்டு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. பூஞ்சைக் கொல்லி கிடைக்காதவர்களிடமும் பூஞ்சைப் புண் கிளம்பவில்லை. சுனையோடு உள்ளே போன வித்துகளில் சில அவர்கள் கண்ணிலும் இருந்திருக்க வேண்டும். கீறல் சீக்கிரம் மூடிக்கொண்டது. உள்ளே மாட்டிய வித்து முளைவிட்டுப் பாயைக் கிழித்துக்கொண்டு வெளிப்பட்ட நேரத்தில், அங்கே குடியிருந்த சில மேக்ரோஃபேஜ்களே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கும். விளிம்பிலிருந்து பெரும்படை வரும் தேவையே வரவில்லை. ஊர்ப் பணியாளர் நீல விளக்கை அணைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்.